ஒரே அறையில் பதினொரு பேர்

சைரன் ஊளையிடுகிறது. ஓடுகிறோம். மைதானத்தில் பந்து தனியே கிடக்கிறது. டெக்சாஸில் டொர்னாடோ வந்தால் ஜன்னல் இல்லாத அறைக்குள் போக வேண்டும். மைதானத்தை ஒட்டி ஒரு பழைய ஜெர்மன் கிளப் கட்டடம். அதன் சாமான் அறைக்குள் எங்கள் ஞாயிற்றுக்கிழமை டீம் மொத்தமும் நுழைகிறது. பதினொரு ஐடி பையன்கள், எல்லாரும் சென்னைப் பக்கம். நான் அவர்களுடைய ரெஃப்ரி. முல்லைத்தீவுக்காரன்.

வாசலில் என் கால் நின்றுவிட்டது.

"எல்லாரும் ஒண்டா இருக்காதேங்கோ! பாதிப் பேர் பாத்ரூமுக்குப் போங்கோ!"

"அண்ணா, உள்ள வாங்க. டோர் க்ளோஸ் பண்ணணும்," என்று கேப்டன் கார்த்திக் என்னை இழுத்துவிட்டான். கதவு சாத்தப்பட்டது.

வியர்வை நாற்றம். மூச்சு முட்டுகிறது. எங்கள் ஊரில் ஷெல்லடி தொடங்கினால் ஒரு குடும்பம் ஒரே பங்கருக்குள் இறங்காது. பிரிந்துதான் இருப்போம். ஒரு குழி போனாலும் மற்றதில் ஆள் மிஞ்ச வேண்டும். ஊரில் எங்கள் கால்பந்து டீம் மட்டும் கேட்கவில்லை. சேர்ந்து விளையாடினோம், சேர்ந்தே இருப்போம் என்று பகிடி விட்டுச் சிரித்தபடி ஒரே பங்கருக்குள் இறங்கினார்கள். நான் கோல் கீப்பர். தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். தூரத்தில் ஷெல் கிளம்பும் குத்துச் சத்தம். பிறகு தலைக்கு மேல் அதன் கூவல். பிறகு காது அடைத்துவிட்டது.

இந்த அறைச் சுவரில் ஒரு படம். முதல் உலகப்போருக்கு முந்தைய ஜெர்மன் டீம். கதை கீழே எழுதியிருக்கிறது. தொப்பி போட்ட கோல் கீப்பர் பேக்கரியில் வேலை பார்த்தவன். காசு வாங்காமல் ஆடியவன். டீம் முழுக்க ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தது. ஒரே பதுங்குகுழி, பத்துப் பேரும் அதிலேயே போனார்கள். அவன் மட்டும் அன்றைக்கு முன்பே பட்ட காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிறகு கப்பலேறி இங்கே வந்தான். இந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தான். மறுபடி பந்தைத் தொடவே இல்லை. எனக்கு ஆத்திரம் வருகிறது. விசரன்கள், பைத்தியங்கள். அவர்களும் பிரிந்து இருக்கவில்லை.

கூரை அதிர்கிறது. கதவு குலுங்குகிறது. முதுகைக் கொடுத்து நிற்கிறேன். பயம். வெட்கப்படாமல் சொல்கிறேன், பயம்.

காற்று அடங்கியது. ஒவ்வொருவன் தோளையும் தொட்டு எண்ணி வெளியே விட்டேன்.

"என்னண்ணா, அட்டெண்டன்ஸா?" கார்த்திக் சிரித்தான்.

பதினொன்று. ஒருவரும் குறையவில்லை. அழுதுவிட்டேன்.

பந்தைக் காணவில்லை. ஒரு கோல் கம்பம் சாய்ந்திருந்தது. ஜெர்மன்காரன் இழந்தது பத்துப் பேர். நானும் பத்துப் பேர். ரூபன். செல்வன். பெரிய கண்ணன். சின்னக் கண்ணன். ஜெகன். மரியதாஸ். தயா. அன்ரன். குமார். சிவம்.

கோல் கீப்பர் இருக்கிறேன்.