கொடியில் போட்ட முடிச்சுகள்

காலையில் எழும்பினால் என் இரண்டு குதிக்காலும் நிலத்தில் பட மறுக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிவரை போன பிறகுதான் நடை வரும். குவைத்து வீட்டின் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நின்ற வருசங்களின் மிச்சம் அது. நீங்கள் கதிரையில் இருங்கள். நான் பாயில் காலை நீட்டிக்கொள்கிறேன், மரியாதைக் குறைவாக எடுக்க வேண்டாம்.

தனுஷாவின் சாவு பற்றித்தானே திரும்பவும் வந்திருக்கிறீர்கள். மண்டூரில் இருக்கிற அவளுடைய தாய், அவளைக் குவைத்துக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறா. நான் அதில் சாட்சி. போன தரம் நீங்கள் எழுதி வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில் என்னைக் ‘காப்பாற்றப் பாடுபட்ட தோழி’ என்று போட்டிருந்தீர்கள். அதை வெட்டிவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். அவசரமில்லை, தேத்தண்ணியைக் குடியுங்கள்.

முதலில் இதை எழுதுங்கள். ‘வாவிக்கரைத் தோழிகள்’ என்ற வட்ஸ்அப் குறூப்பைத் தொடங்கியவள் செட்டிபாளையம் இராசாத்தி. நான்.

தொடங்கிய காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வீட்டில் எனக்குப் பெயர் கிடையாது. எடு, கழுவு என்பதைத் தவிர விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரு சொல்லும் காதில் விழாது. உறைந்து கிடக்கிற கோழியோடு நான் தமிழில் கதைத்திருக்கிறேன். ஒருநாள் தெரு முடக்குக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது பின்னால் ஒருத்தி போனில், ‘மறுகா எடுக்கிறன் உம்மா’ என்றாள். பிறகு என்பதை மறுகா என்று எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யார் சொல்வார்கள்? திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏறாவூர் நிஸ்மியா. தக்காளிப் பெட்டிக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் அழுதோம். விலை கூடிவிட்டதென்று அழுகிறோம் என நினைத்துக் கடைக்காரன் ஒரு பிடி சும்மா போட்டான்.

அவளும் நானும் ஒவ்வொருத்தியாகத் தேடிப் பிடித்தோம். வாகரைக்காரியும் வந்தாள், காத்தான்குடிக்காரியும் வந்தாள். ஊரில் என்றால் தமிழ், முஸ்லிம் என்று ஒருத்தியின் தெருவுக்குள் மற்றவள் போக யோசிப்பாள். அங்கே யாருக்கும் யோசிக்க நேரமில்லை. பலர் ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டதேயில்லை, வெளியே விட்டால்தானே. வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்காரர் உலாத்தப் போனதும் ஒவ்வொருத்தியும் தன் குரலைப் பதிந்து போடுவாள். அடி வாங்கியவள் அதைச் சொல்வாள். பிள்ளைக்குப் பல் முளைத்ததைப் போனில் பார்த்தவள் அதைச் சொல்வாள். குளியலறைக்குள் குந்தியிருந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, எல்லோருக்கும் நான் பதில் சொன்னேன். அக்கா சொன்னால் சரி என்றார்கள். ஊரில் நான் தகப்பனோடு வலை இழுத்தவள், பிறகு கல் சுமந்தவள். சுமக்கிறவளிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. நான் சொன்னது சரி என்று முதன்முதலில் கேட்டது அந்தக் குளியலறைக்குள்தான்.

முடிச்சும் என்னுடைய யோசனை. எங்கள் வாவியில் வலை கிடக்கிற இடத்தில் கம்பு குத்தி அதில் துணியை முடிந்து விடுவார்கள். முடிச்சைக் கண்டதும் தோணிக்காரன் கவனமாவான். அதை நான் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். போன் பறிபோய் ஆபத்தும் வந்தால், காயப்போடுகிற துணியில் ஒன்றை முடிச்சுப் போட்டுக் கொடியில் விட வேண்டும். கொடிக்குக் கிளிப் இருக்கிறது, முடிச்சுக்கு அங்கே வேலையில்லை. பக்கத்தில் இருக்கிற எங்கள் ஆள் கண்டு சொல்ல, நிஸ்மியா தூதரகத்துக்குப் போன் கோல் எடுப்பாள்.

ஒரு விதியும் வைத்தேன். கண்ணால் கண்டவள் சொல்லாமல் ஒருத்தியும் வெளியே கோல் எடுக்கக் கூடாது. காரணம் இருந்தது. வாகரைக்காரியின் போன் பழுதாகி அவள் சத்தமில்லாமல் இருந்தபோது, ஆபத்து என்று எண்ணி ஒருத்தி அவசரப்பட்டாள். பொலிஸ் போனது. வீட்டுக்காரன் ஆத்திரத்தில் அவள்மேல் களவு வழக்குப் போட்டு வெறுங்கையோடு விமானம் ஏற்றினான். ஆகவே விதி நியாயமானது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

பிறகு தனுஷா வந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கலியாணம், அந்த வீட்டைக் கட்ட வந்தவள். எனக்குப் பக்கத்து வீடு அவளுக்குக் கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கிற ஒழுங்கை. அவளுடைய மொட்டைமாடி என் வீட்டிலிருந்து மட்டும்தான் தெரியும். அவளுக்கு அரபு சொல்லிக் கொடுத்தது நான். என் பழைய போனைக் கொடுத்து, அரிசிச் சாக்குக்குள் ஒளிக்கச் சொன்னதும் நான்.

அவளுக்கு ஆட்களின் குரல் வரும். ஏஜென்சிக்காரன் மாதிரிக் கதைப்பாள், எசமானி மாதிரி இருமுவாள். பெட்டைகள் வெள்ளிக்கிழமையில் அவளுடைய குரலுக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். ஒரு கிழமை அவள் என் குரலைப் போட்டாள்.

‘நான் சொல்றதக் கேளுங்க புள்ளையள். அழப்படாது. அழுதா முகம் வீங்கும், மறுகா ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான். நம்பாட்டி என்னைப் பாருங்க.’

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிக்கிற முகம் போட்டேன். அதைச் சொன்னது என் குரல்தான், என் இழுவைதான். எனக்குக் கலியாணம் ஆகாததை நான் அவளுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு குறூப்பில் சத்தம் குறைந்தது. வேலை கூடியிருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் நிஸ்மியாவின் குரல் ஒன்று வந்தது. ‘தனுஷா, அக்கா மாதிரி இன்னொருக்காச் சொல்லுகா.’ வந்த வேகத்தில் அழித்துவிட்டாள், ஆனால் நான் கேட்டுவிட்டேன். வேறு குறூப்புக்குப் போட வேண்டியது தவறி என்னுடையதில் விழுந்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் அந்தக் குறூப்பில் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை. நிஸ்மியாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

‘கோவிக்காதீங்க அக்கா. உங்களுக்கு முன்னால சிரிக்க எங்களுக்குப் பயமா இரிக்கி. அதான்.’

நான் கடை வாசலிலும் குப்பைத் தொட்டியடியிலும் நின்று பொறுக்கி எடுத்த பெண்கள். ஒருத்தியின் கண்ணீரையும் நான் பாதியில் நிறுத்தி வைத்ததில்லை. அவர்களுக்கு என்னிடம் பயமாம். நீங்கள் பெருமூச்சு விடுகிறீர்கள். உங்களுக்கே கோபம் வருகிறதல்லவா, அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்.

நான் ஏசவில்லை, சண்டைக்குப் போகவில்லை. அவளுடைய எசமானியும் என்னுடைய எசமானியும் அக்கா தங்கை. கோப்பி குடிக்க வந்த இடத்தில், சீனிக்குள் எறும்பு இருக்கிறது என்று சொல்வதுபோல, உங்கள் வீட்டு அரிசிச் சாக்குக்குள் போன் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான். போன் போனால் அவளுக்கு என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை. என்னிடம் வரட்டும் என்று நினைத்தேன். அதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள், வீட்டில் ஒளித்து வைப்பதுதான் குற்றம்.

அடித்தார்கள். சுவர் கடந்து எனக்குக் கேட்டது. பிறகு மொட்டைமாடியில் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறையில் பூட்டி வைத்தார்கள், துணி துவைக்கிற நேரம் மட்டும் திறந்துவிட்டார்கள். நான் என் துணி போடுகிற நேரத்தை மாற்றிக்கொண்டு எங்கள் படிக்கட்டு ஜன்னலால் பார்த்தேன். அவளுக்கு நான் தெரியமாட்டேன். அடுத்த நாளே ஒரு தலையணை உறை முடிச்சோடு தொங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை என் குறூப் பழையபடி நிறைந்துவிட்டது. தனுஷாவுக்கு என்ன, தனுஷாவுக்கு என்ன என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். அவளைப் பற்றி அறிய என்னைத் தவிர வழியில்லை. நிஸ்மியா நேரே கேட்டாள்.

‘முடிச்சு இரிக்கா அக்கா?’

‘இல்ல புள்ள. துணி காயுது.’

பிறகு அவர்கள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். கை காட்டினாள் என்றேன், கொஞ்சம் சதை வைத்திருக்கிறாள் என்றேன். பழைய மாதிரி அக்கா அக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிச்சுகளோ கூடிக்கொண்டு போயின. குழந்தையின் சட்டை, பாத்திரம் துடைக்கிற துவாய், திரைச்சீலை. கடைசியில் கொடியில் ஒரு துணியும் நேராக இல்லை. எல்லாம் முடிச்சு. பல்லால் இழுத்து இறுக்கியிருப்பாள் போல, அவ்வளவு சின்ன முடிச்சுகள். ‘நான் தூதரகத்துக்குக் கோல் எடுக்கப் போறன்’ என்று நிஸ்மியா ஒருநாள் அழுதாள். விதியை ஞாபகப்படுத்தினேன். கண்டவள் நான், நீ அவசரப்பட்டு அவளைக் களவுக் கேசில் மாட்டப் போகிறாயா என்று கேட்டேன். அவள் அடங்கிவிட்டாள்.

அதன் பிறகு தனுஷா ஒழுங்கைக்குள் விழுந்தாள். நல்ல வெயில் நேரம். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன் என்று பொலிசிலும் சொன்னேன், போன தரம் உங்களிடமும் சொன்னேன்.

ஊருக்கு வந்து மண்டூருக்குப் போனேன். குருமண்வெளியில் பாதை ஏறி வாவியைக் கடந்தேன். உங்களுக்கு விளங்காவிட்டால், ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவையை நாங்கள் பாதை என்போம். தாய் மீன்கறி காய்ச்சி வைத்திருந்தா. நான் நொண்டுவதைக் கண்டு, என் காலை மடியில் தூக்கி வைத்து எண்ணெய் போட்டு உருவிவிட்டா. உருவிக்கொண்டே கேட்டா.

‘கடைசியா என்ர புள்ள என்ன சொன்னவள் மகள்?’

‘என்னைக் கூப்பிட்டவள்’ என்றேன். அது பொய்யில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன கிழமை குறூப்பின் பெயரை மாற்றிவிட்டார்கள். ‘தனுஷாவின் தோழிகள்’ என்று வைத்து அவளுடைய படத்தைப் போட்டிருக்கிறார்கள். நான் கட்டின வீட்டுக்கு அவளுடைய பெயர். நிஸ்மியா என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவளை ஒரு தெய்வம்போல வைத்து ஆளாளுக்கு அழுகிறார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே மிச்சத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் குசினியில் நிற்கவில்லை. கம்பளம் தட்ட எங்கள் மொட்டைமாடிக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் ஆளில்லை. துணி காயப்போடத் திறந்துவிட்டிருந்தார்கள், அவள் கொடியடியில் நின்றாள். மெலிந்து, தலைமயிர் வெட்டப்பட்டு, உதடு வெடித்து நின்றாள். என்னைக் கண்டதும் அவளுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. முடிச்சுகளை நான் அன்றைக்குத்தான் கண்டேன் என்று நினைத்திருப்பாள். வெள்ளையடிக்க வந்தவர்கள் விட்டுப்போன நீளப் பலகை ஒன்று எங்கள் பக்கம் கிடந்தது. அதைக் காட்டிக் கும்பிட்டாள். நான் தூக்கி அவளுடைய மாடிக் கட்டுச் சுவருக்கு நீட்டினேன். நான்தான் நீட்டினேன், அதையும் எழுதுங்கள். எனக்கு இரக்கம் இல்லாமலில்லை.

அவள் அந்தச் சுவரில் ஏறிப் பலகையில் இரண்டு காலையும் வைத்துவிட்டாள். அப்போது நான் சொன்னேன்.

‘முதல்ல மன்னிப்புக் கேள்.’

அவள் என்னைப் பார்த்தாள்.

‘என்னத்துக்கு அக்கா?’

என்னத்துக்கு என்று கேட்டாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. என் குரலை எடுத்தது, என் பெண்களை எடுத்தது ஒன்றும் அவளுக்கு நினைவில் இல்லை. ஒரே ஒரு சொல், அதைச் சொல்லியிருந்தால் இந்தப் பக்கம் வந்திருப்பாள். பொறுத்துப் பார்த்தேன். பிறகு பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அக்கா என்று கூப்பிட்டாள், சத்தமாகக்கூட இல்லை. நான் பலகையைப் பழைய இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கம்பளத்தைத் தட்டி முடித்தேன்.

தாய்க்குச் செய்ய வேண்டியதை நான் செய்தேன், போய் முகம் காட்டினேன், அவ போட்ட சோற்றைத் தின்றேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டேன். என் பக்கத்தில் பாக்கி ஒன்றுமில்லை. தனுஷாதான் எனக்குக் கடன். அந்த மன்னிப்பை அவள் இன்னும் கேட்கவில்லை.