கட்டிய காலில் பொட்டாசியம்

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் என் வாக்குமூலத்தில் 'பொட்டாசியம்' என்பதை மூன்று முறை அடித்து அடித்து எழுதினார். பேப்பரைக் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டது அதனால்தான். நான் எம்.எஸ்சி. படித்தவள். எங்கள் தெருவில் வேறு யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை.

என் அப்பா மருதப்பன் பஞ்சு மில்லில் சுமை தூக்கினார். ஒருநாள் பஞ்சுப் பொதிகள் சரிந்து இடுப்புக்குக் கீழே அமுக்கிவிட்டன. ஆறு மணி நேரம் அடியில் கிடந்தார். டீ குடித்தார், பீடி கேட்டார். பொதிகளைத் தூக்கி அவரை வெளியே எடுத்த கால்மணி நேரத்தில் செத்துப்போனார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்துகொள்ளத்தான் பேராசிரியர் தேவசுந்தரத்திடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, மயிரைவிட மெல்லிய முனை வரும்படி இழுக்க வேண்டும். பொட்டாசியத்தை மட்டும் உணரும் திரவத்தை முனையில் ஏற்றி, உயிருள்ள தசையின் இழைகளுக்கு நடுவே இறக்க வேண்டும். மீட்டர் அளவு சொல்லும். முயலின் காலை இறுக்கிக் கட்டினால், தசை தன் பொட்டாசியத்தைக் கக்குகிறது. நான்கு அலகு இருக்கவேண்டிய இடத்தில் இருபது காட்டும். கட்டை அவிழ்த்தால் அவ்வளவும் ஒரே பாய்ச்சலில் இருதயத்துக்குப் போகிறது. பதினொரு முயல்களில் ஒன்பது செத்தன.

சார் என் நோட்டைப் புரட்டினார்.

"ஏட்டி மாடத்தி, ஊசி முனை ஒடஞ்சிருக்கும். உயிருள்ள தசையில இருபது எங்கனட்டி வரும்?"

"நீங்களே ஒருநாள் கூட இருந்து பாருங்க சார்."

"எனக்கு வேற சோலி இல்லையா? மூட்டை தூக்குதவன் மவளுக்கு இந்த வேலைக்குக் கை வராது. டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு."

லேபில் எல்லாரும் சிரித்தார்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த அளவு உண்மை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

ஆடித்தபசு அன்று ஊரே கோயிலில் நின்றது. சார் வேதக்காரர், கிறிஸ்தவர்; அன்றைக்கும் லேபுக்கு வந்தார். கண்ணாடிக் குழாய் மாட்டும் ஸ்டாண்டின் இரும்புத் தண்டால் பின்மண்டையில் ஒன்று வைத்தேன். அளவாகத்தான். கோபத்தில் அடித்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

மேசையில் கிடத்திக் கட்டினேன். வாயில் துணி வைத்தேன். இரண்டு தொடைகளிலும் சைக்கிள் ட்யூபைச் சுற்றி இறுக்கினேன். வலது தொடையை பிளேடால் திறந்து ஊசியை இறக்கினேன். விழித்ததும் உதறினார். உதறினால் ஊசி நிற்காது. ஆகவே இரண்டு முழங்கால்களிலும் தண்டைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. எலும்பு நொறுங்குகிற சத்தத்தில் முயலுக்கும் மனுசனுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதன்பின் உதறவில்லை. புது ஊசியை இறக்கினேன்.

ஒன்பது மணிக்கு நான்கு. பன்னிரண்டுக்குப் பதின்மூன்று. மூன்று மணிக்கு இருபத்தொன்று. மீட்டரை அவர் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, வாய்த்துணியை எடுத்தேன்.

"சரிதான் மக்கா," என்றார். "உன் அளவு சரிதான். கையெழுத்துப் போட்டுத் தாரேன். கட்ட மட்டும் அவுத்துராத. யாராவது டாக்டரக் கூப்பிடு. அவுத்துராத மக்கா."

வாயால் மட்டும் சொல்லவில்லை, முழுசாக நம்பிவிட்டார் என்று அப்போது தெரிந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. இனி ஒரு மனுசனைக் கட்டிப்போட்டு வைத்திருக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. இரண்டு ட்யூபையும் ஒரே சமயத்தில் அவிழ்த்துவிட்டேன்.