முள்ளங்கித் தாள்

முள்ளங்கியை யார் வேண்டுமானாலும் நறுக்கலாம். உருட்டி உரிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. முழு முள்ளங்கியும் ஒரே நீளத் தாளாக வர வேண்டும். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். கியோத்தோவில் எங்கள் உணவகத்தில் இருபத்தாறு வருடங்களாக அந்த வேலை என்னுடையது.

என் கத்தி சகாய் நகரத்தில் கையால் அடித்தது. ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டியது. காய்கறி தவிர எதையும் தொட்டதில்லை. அதில் என் பெயர் வெட்டியிருக்கிறது. அடுத்தவன் கத்தியை எடுப்பது எங்கள் சமையலறையில் நடக்காத காரியம்.

நவம்பரில் தாள் கிழியத் தொடங்கியது. கத்தி அதேதான், கையும் அதேதான். ஆகவே யாரோ என் கத்தியை எடுத்திருக்க வேண்டும். எனக்கு அடுத்த பலகையில் நிற்கும் ஹிசமித்சுவிடம் கேட்டேன்.

"உங்க கத்திகிட்ட போறதுக்கு, எங்க மாமியார்கிட்டயே போயிடுவேண்ணே!" என்று சிரித்தான்.

வேலை நேரத்தில் சிரிப்பவர்களை நான் மதிப்பதில்லை.

டிசம்பரில் முதலாளியம்மா கூப்பிட்டார். "புத்தாண்டு விருந்துக்கு முள்ளங்கிய ஹிசமித்சு பாத்துக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா போதும்." அவருக்குக் கிமோனோ கட்டத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

சொபா நூடுல்ஸ் செய்யும் மாவு ஹிசமித்சுவுக்கு ஆகாது. துளி போனாலும் சற்று நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். சமையலறைச் சுவரில் அதைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு மாவுக்குப் பயப்படுபவன் சமையற்காரனாம்.

மறுநாள் வேலையாட்களின் மதியச் சாப்பாட்டை நானே செய்தேன். மூத்தவர்கள் அதைச் செய்வதில்லை.

"அண்ணனே சமைச்சிருக்காரு. இன்னிக்கு பனி கொட்டப்போவுது, பாருங்க" என்றான் ஹிசமித்சு.

மிசோ சூப்பில் மாவுருண்டைகள் போட்டிருந்தேன். கோதுமை மாவோடு சொபா மாவையும் கலந்திருந்தேன். இரண்டாம் முறையும் கிண்ணத்தை நீட்டினான். அவன் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவனுக்கு மூச்சு இல்லை. எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் கல்லை நனைத்துக் கத்தியைத் தீட்டினேன். இனி அதை வேறு யாரும் தொடப்போவதில்லை. புது முள்ளங்கி ஒன்றை எடுத்து உருட்டினேன்.

மூன்றாவது சுற்றில் கிழிந்தது.

இந்த வருடம் முள்ளங்கி சரியில்லை, ஐயா.