ஸ்தேவான் சொல்லாத வசனம்

— அசையாதீங்க, ரத்தச் சாயம் கண்ணுல இறங்கிடும்.

— அழிச்சிடு. ஸ்தேவானைக் கல்லெறிஞ்சு கொல்ற கடைசிக் காட்சிக்கு நான் போகல.

— என்ன பேச்சு இது? கோயில் நிறைய ஜனம். பத்து வருஷமா திருநாள் நாடகத்துல ஸ்தேவான்னா நீங்கதான்.

— கல்லெறியிற வரிசையில யாரு நிக்கிறான்னு பார்த்தியா?

— பார்த்தேன். நம்ம பிள்ளையை இடிச்ச லாரிக்காரர். ஜெயில்ல இருந்து வந்து நாலு நாளாச்சாம்.

— அவனை யாரு சேர்த்தது?

— மனசு உறுத்துறவங்க யார் வேணும்னாலும் பஞ்சுல செஞ்ச கல் ஒண்ணு கேட்டு வாங்கி எறியலாம்னு வழக்கம் வச்சதே நீங்கதானே. கேட்டாரு, கொடுத்தாங்க.

— அவன் முகத்தைப் பார்த்து, 'கல்லெறியிற இவங்களை மன்னிச்சிடும் ஆண்டவரே'ங்கிற வசனம் என் வாயில வராது.

— என்னப்பா ஸ்தேவான், பரலோகம் போற உத்தேசம் இருக்கா இல்லையா? கல்லை வச்சுக்கிட்டு எல்லாரும் கை வலிக்குதுங்கிறாங்க.

— ரெண்டே நிமிஷம் வாத்தியாரே, தாடி இன்னும் ஒட்டல.

— தாடி இல்லாமலும் சாகலாம்மா. சீக்கிரம் அனுப்பு.

— வாத்தியார் போயிட்டார். இப்பவாவது சொல்லுங்க. மூணு வருஷமா எதையோ உள்ள வச்சுக்கிட்டுத் தேயிறீங்க. அந்த மனுஷனுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தேன். குடிச்சுட்டு உங்களைத்தான் விசாரிச்சார்.

— அவன் மேல எனக்குக் கோபமில்லடி.

— பின்னே?

— சைக்கிள்ல பிரேக் கட்டை தேஞ்சிருந்துச்சு. பையன் ரெண்டு தடவை சொன்னான். ஞாயித்துக்கிழமை மாத்தறேன்னேன். சனிக்கிழமை இறக்கத்துல நிறுத்த முடியாம லாரிக்குக் குறுக்கே போயிட்டான்.

— மேல சொல்லுங்க.

— கோர்ட்ல அரசு வக்கீல் கேட்டார். பிரேக் நல்லாத்தான் இருந்துச்சுன்னு பைபிள் மேல கை வச்சுச் சொன்னேன். அந்த ஒரு சொல்லாலதான் அவன் உள்ள போனான். என்னைத் திட்டு.

— எனக்குத் தெரியும்.

— எப்படி?

— தீர்ப்பு சொன்ன அன்னைக்கே வராந்தாவுல அவரோட வக்கீல் சொன்னார். உங்களையும் இழந்துடுவேனோன்னு பயந்து நானும் வாயை மூடிக்கிட்டேன். எனக்கும் அந்தக் கல்லெறியிற வரிசையில இடம் உண்டு.

— வக்கீலுக்கு யாரு சொன்னது?

— லாரிக்காரர்தான். பையனைத் தூக்கினப்பவே பிரேக்கைப் பார்த்துட்டாராம்.

— அப்ப கோர்ட்ல ஏன் சொல்லல?

— "பிள்ளையைப் பறிகொடுத்தவரைக் கூண்டுல மடக்கி, அவர் சொன்னது பொய்னு காட்டாதீங்க, நானே உள்ள போயிட்டு வரேன்"னு வக்கீல் கையைப் பிடிச்சுக்கிட்டாராம்.