முப்பத்தைந்து கல்

முதலாளியம்மா, வீட்டுக்குப் பின்பக்கம் குளிர்காயக் கணப்பு வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். எந்தக் கடையிலும் இதைச் சொல்வதில்லை. புகை முகத்தில் அடித்தால் எவ்வளவு நல்ல கணப்பும் வீண்தான்.

நடந்ததை எழுதிக் கொடு என்றீர்கள். வாயால் சொல்ல வைத்ததோடு விட்டிருக்கலாம். எழுதச் சொன்னது எனக்கு மரியாதை. நாற்பத்தாறு வயதில் மாவு மூட்டைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டியவன் நான். பிழை இருந்தால் மூட்டைக்காரர்களைத் திட்டுங்கள்.

தொடங்கியது என் மனைவி. அவளுடைய தம்பி இரும்பில் பெரிய சட்டி மாதிரி ஒரு கணப்பு வாங்கிவிட்டான்.

"அவன் வீட்ல குளிர் காலத்துலகூட வெளிய உக்காந்து சிரிச்சுப் பேசுறாங்க. நம்ம வீட்ல பேசணும்னா நான் பாத்திரம் கழுவுற இடத்துக்கு நீங்க வரணும்."

"வர்றேனே."

"எப்ப வந்தீங்க? சாப்பாடு ஆயிடுச்சான்னு கேக்க வருவீங்க."

நியாயம்தான். மூன்று கடை ஏறி இறங்கினேன். நல்லது எல்லாம் எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டுகிற விலையில் ஒரு தகரத் தொட்டி. விரலால் தட்டினேன், பிஸ்கட் டப்பா மாதிரிச் சத்தம் வந்தது. "எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்டேன். "நீங்க அடிக்கடி பத்த வைப்பீங்களா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். வந்துவிட்டேன்.

சாதாரணச் செங்கலை வட்டமாக அடுக்கிப் பார்த்தேன். முதல் நாளே ஒரு கல் பட்டென்று வெடித்து, சில்லு பறந்துபோய் மச்சானின் புதுக் கால்சட்டையில் ஓட்டை போட்டது. அவன் அதை உடுத்திக்கொண்டுதான் இருந்தான். என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது: வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆபத்தில்லாத கல் வேண்டும், சூடு தாங்குகிற கல்.

அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நம் பேக்கரி அடுப்பின் வாய் வழியாக நுழைய முடிந்தவன் நான் மட்டும். அதனால்தான் எனக்குப் 'பல்லி' என்று பெயர். வாரம் ஒருமுறை நெருப்பு அணைந்து அடுப்பு ஆறினதும், ஈரச் சாக்கும் டார்ச்சுமாக உள்ளே ஊர்ந்து சாம்பல் அள்ளுவேன். பெரியண்ணன் இருபது வருஷமாக அந்த அடுப்பை எரிக்கிறார், அவருடைய தொப்பை வாசலோடு நின்றுவிடும். "எல்லாம் சரியா இருக்காடா பல்லி?" என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பார். "சரியா இருக்குண்ணே" என்பேன்.

முதலில் ஒரே ஒரு கல். பின்சுவரில் கீழ்வரிசை. அதன் இடத்தில் ஒரு சாதாரணச் செங்கலை வைத்து, மண் பூசி, கரி தடவினேன். அது வெடித்தால் யாருக்கு என்ன? அடுப்புக்குள் யாரும் கால்சட்டை போட்டுக்கொண்டு உட்காருவதில்லையே. அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் ஒன்று. நான் பேராசைக்காரன் இல்லை. ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போகிறவனைத்தான் திருடன் என்பார்கள்.

எட்டு மாதத்தில் வளையம் கிட்டத்தட்ட கூடிவிட்டது. முப்பத்தைந்து கல். என் மனைவி நாற்காலி போட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "எங்க வாங்குனீங்க?" என்றாள். "வேலை செய்ற இடத்துல மிச்சமிருந்தது" என்றேன். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தள்ளி நின்றே பார்த்தான்.

அடுப்பு இடிந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். விடிகாலை, இருநூறு பன் உள்ளே இருந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நீங்கள் பெரியண்ணனைத்தான் கேட்டீர்கள்: "எத்தனை தடவை சொன்னேன், அளவா எரிங்கன்னு?" அவர் தலை குனிந்து நின்றார். பேக்கரியைப் பூட்டினீர்கள். எட்டுப் பேருக்கு வேலை இல்லை.

நான் அவர்களைக் கைவிடவில்லை. ஏழு பேரையும் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னேன். மூன்று வாரம் தினமும் என் கணப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். வேலை இருந்தபோதுகூட நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

"நான்தான்டா கூட எரிச்சுட்டேன்" என்று பெரியண்ணன் தினமும் சொல்வார்.

"விடுங்கண்ணே. வேணும்னா செஞ்சீங்க?" என்று நான் தினமும் சொல்வேன்.

ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா பல்லி, உன் வீட்டுச் சூடு மட்டும் நம்ம அடுப்புச் சூடு மாதிரியே இருக்கே?"

"விறகு ஒண்ணுதானேண்ணே."

அந்தக் கற்களில், அடுப்பைக் கட்டிய உங்கள் மாமனார் தன் பெயரை அச்சாகப் பதித்து வாங்கியிருந்தார். அடுப்புக்குள் குப்புறப் படுத்து, யார் உதவியும் இல்லாமல் நான் முழுசாகப் படித்த முதல் பெயர் அது. அதை உள்பக்கம் திருப்பிக் கரியாக்க மனசு வரவில்லை. எல்லாவற்றையும் எழுத்து வெளியே தெரிகிற மாதிரி, நேராக வைத்தேன். பெரியண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. மற்றவர்கள் நெருப்பைப் பார்க்க வந்தவர்கள், நெருப்பையே பார்த்தார்கள். பெரியண்ணனைத் தேடி என் வீட்டுக்கு வந்த நீங்கள்தான் குனிந்து படித்தீர்கள். சத்தமாகவே படித்தீர்கள்.

பெரியண்ணன் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. குளிர் அதிகமாக இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன்: அடுப்பு விழுந்ததற்கு அவர் காரணமில்லை. நான்தான்.

ஒரு சின்ன விண்ணப்பம். இடிந்ததை அள்ளும்போது, வாசல் ஓரம் ஒரு கல் முழுசாக இருக்கும். அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வளையத்துக்கு முப்பத்தாறு வேண்டும். குறைகிற அந்த ஒரு கல்லின் சந்து வழியாகக் காற்று புகுந்து, புகையெல்லாம் பெரியண்ணன் உட்காருகிற பக்கமாக அடித்தது. மூன்று வாரமும் அவர் கண் கலங்கியபடியே இருந்தது அதனால்தான்.