கட்டிலருகே கைநாட்டிட்ட தாள்கள்

எறிகணை மகப்பேற்றுக் கூடத்தின் மேல் விழுகிறது. முதலில் சீழ்க்கை. ஒரு நொடி அமைதி. பிறகு கூரை. காலை பத்து மணி இருபது மணித்துளி. எத்தியோப்பியாவின் வடக்கே ஒரு மலைநகர். காரைக்குடியிலிருந்து உடற்கூற்றியல் கற்பிக்கச் சென்றவன் நான். மாணவர்கள் தாய்மாரை முன்னதாகவே வெளியே சுமந்து வந்துவிட்டனர்.

"தாள்களை எடுங்கள்! தாள்களை!"

கத்துபவர் மருத்துவர் அல்மாஸ். அம்மாவட்டத்தில் மருத்துவம் பயின்ற முதற்பெண். அயல்நாட்டுப் பதவியை உதறித் திரும்பியவர். இரண்டே அறைகளில் அக்கல்லூரியைத் தொடங்கியவர். தேர்வுக்கூடத்தை அவர் நம்பவில்லை. மாணவர் கட்டிலருகே நின்று, நோயருக்கு அவர் நோயைத் தாய்மொழியில் விளக்க வேண்டும். விளங்கினால் நோயர் தாளில் கைநாட்டு வைப்பார். கீழே அல்மாஸ் ஒப்பமிடுவார். அதுவே தேர்ச்சி. வேறு சான்று இல்லை.

நான் அரசுக் கல்லூரியில் முப்பதாண்டு பழகியவன். தாள்கள் கட்டில்தோறும் தொங்கின. கறை படிந்திருந்தன. மேசையில் முத்திரையிட்ட வருகைப் பதிவேடு. எந்த அலுவலகமும் இதைத்தான் கேட்கும் என்று எண்ணினேன். எடுத்தேன். ஓடினேன்.

வாயிலில் அல்மாஸ் என் கையைப் பார்த்தார். தாள்கள் இல்லை. உள்ளே போனார். இரு மாணவர் அவர் பின்னே ஓடினர்.

"வெளியே வாருங்கள்! அடுத்தது வருகிறது!"

கத்தியவன் நான். சீழ்க்கை. அமைதி. கூரை.

இப்போது காரைக்குடி. எஞ்சிய ஒன்பது மாணவர் சான்றின்றி அயல்நாடுகளில் நிற்கின்றனர். அவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதுகிறேன். பதிவேட்டின் படியை இணைக்கிறேன். வருகை தகுதிக்குச் சான்றாகாது என்றே விடை வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே வரி. அதை அல்மாஸ் என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அஞ்சலக எழுத்தர் உறையை நிறுக்கிறார். "அவுக மாட்டேன்னுதான் சொல்றாக. நீங்களும் விடாம இங்குட்டு வாரீக. என் தராசு தேஞ்சுரும் போலய்யா."

"தேயட்டும். முத்திரையை நல்லாக் குத்துங்க."

வெளியே, புதுவயல் அரிசி ஆலைக்குச் செல்லும் சரக்குந்தின் டயர் வெடிக்கிறது. ஒரே ஓசை. சீழ்க்கை இல்லை. ஆயினும் தரையில் கிடக்கிறேன். கையோடு கொண்டுவந்த பதிவேடு மார்பின் கீழ்.

இழந்தவற்றை எழுதி வைக்கிறேன். மருத்துவர் அல்மாஸ். மாணவர் தெஸ்தா. மாணவர் ஹகோஸ். கைநாட்டிட்ட தாள்கள் அனைத்தும். ஒன்பது மருத்துவர், உயிரோடு. காத்தது ஒரு பதிவேடு. அதன் கடைசிப் பக்கத்தில் பதினொருவரும் வந்திருக்கின்றனர். அன்று காலை நானே குறித்தேன்.