காற்று மறைவு

ஆடி மாதத்தில் குண்டடம் பக்கம் சைக்கிள் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர் மேடம்? காற்றாலைகளைச் சும்மாவா அங்கே கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். எதிர்க்காற்றில் தனியாகப் போனால் மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்பது போலிருக்கும். முன்னால் ஒருவர் போனால் கதை வேறு. அவருடைய பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்குப் பாதி பாரம் குறைந்துவிடும். காற்றை எல்லாம் முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்வார். ஜெயசுதாவுக்காக அந்தக் காற்றை இரண்டு வருடம் வாங்கியவள் நான். மற்றதை எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் வெள்ளகோவில் பெண். எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக வந்தாள். நான் அங்கே குவாலிட்டி மேனேஜர். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள், திருப்பூரில் யாரையும் தெரியாது. ஒரு நாள் நான் சைக்கிளில் ஆபீசுக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, "செல்விக்கா, இத்தன மெலிசு டயர்ல எப்படீங்க உளுகாம ஓட்டறீங்க?" என்று கேட்டாள். ரோட் பைக் என்பார்கள் அந்தச் சைக்கிளை; என்னுடைய பழையது ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். கியர் மாற்றுவது, ஓட்டிக்கொண்டே தண்ணீர் குடிப்பது, விழும்போது கையை ஊன்றாமல் விழுவது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. விடிகாலையில் காங்கேயம் வரை போவோம். எண்ணெய் ஆலை வாசம் வரத் தொடங்கியதும் திரும்புவோம். வழியில் இட்லி சாப்பிடும்போது அவள் தட்டில் இருப்பதை விட்டுவிட்டு என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் எப்போதும் ஒரு இட்லி கூடுதலாகச் சொல்வேன்.

பிறகு அவள் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனாள். அங்கேதான் மெஹ்ஜபின் பழக்கமானாள். துணியில் லேபிள் அச்சடிக்கும் யூனிட் வைத்திருக்கிற குடும்பம். நீந்தி, சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடுகிற ட்ரையத்லான் பந்தயங்களுக்குப் போகிறவள். நல்ல பெண் மேடம். அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்தப் பந்தயத்துக்கென்றே செய்த தன்னுடைய பழைய ட்ரை பைக் சுதாவின் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது என்று அதை அப்படியே கொடுத்துவிட்டாள்.

அந்தச் சைக்கிளை நீங்கள் ஸ்டேஷன் வாசலில் பார்த்திருப்பீர்கள். ரோட் பைக்கில் பிரேக் எப்போதும் விரலுக்குப் பக்கத்தில் இருக்கும். ட்ரை பைக்கில் முழங்கைகளை முன்னால் இருக்கும் மெத்தைகளில் வைத்து, கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். காற்று முதுகுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் பிரேக் கைக்குத் தள்ளி இருக்கும். கண்ணுக்குக் கொஞ்ச தூரத் தார் மட்டும்தான் தெரியும்.

அவள் என்னிடம் வந்து மரியாதையாகத்தான் சொன்னாள்.

"செல்விக்கா, வாரத்துல ரெண்டு நாள் உங்ககூட ரோட் பைக்குல வர்றனுங்க. மத்த நாள் அதுல பழகோணுங்க. ஒடம்பு அந்தக் குனியற வாட்டத்துக்கு வரலீன்னா ரேஸ்ல இடுப்பு போயிருமுன்னு மெஹ்ஜபின் சொல்றாங்க."

"ரெண்டு நாள் போதுமா கண்ணு?"

"போதுமுங்க்கா. மலையேத்தத்துக்கும் வளைவுல திருப்பறதுக்கும்தான ரோட் பைக்கு வேணும்."

மலையேற்றத்துக்கும் வளைவுக்கும். நான் எதற்கு என்று அவள் சொல்லவில்லை.

அவள் போகும் பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போவது குற்றமாம். மறைவில் போனால் தண்டனை கொடுப்பார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். அந்த இரண்டு நாள் சீக்கிரத்தில் ஒரு நாள் ஆயிற்று. அந்த ஒரு நாளும் களைப்பாக வருவாள். பாதி வழியில் மெஹ்ஜபின் என்ன சொன்னாள் என்று பேசிக்கொண்டே வருவாள்.

அதனால்தான் காரில் பின்னால் வருகிறேன் என்று சொன்னேன். ட்ரை பைக்கில் தனியாகப் போகும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு வண்டி வருவது நல்லதுதானே. அவளுக்கு ரொம்ப சந்தோஷம். "நீங்க பின்னால இருந்தா எனக்கு ஒரு பயமும் இல்லீங்க்கா" என்றாள்.

அவளுக்குக் கழுத்து வலி இருந்தது. குனிந்தபடி ஓட்டிக்கொண்டே அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்ப்பதால் வருவது. வலித்தாலும் தூக்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று மெஹ்ஜபின் சொல்லியிருந்தாள். நான் அவளுக்கு வேறு வழி சொன்னேன். நீ தலையைத் தூக்காதே, உனக்குக் கண்ணாக நான் இருக்கிறேன், முன்னால் எது வந்தாலும் ஹாரன் அடிக்கிறேன் என்றேன். ஒரு தடவை அடித்தால் குழி. இரண்டு தடவை அடித்தால் வண்டி. நாய், ஆடு, டிராக்டர் எதுவானாலும் முன்கூட்டியே அடித்தேன். ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. தைத்த துணியில் ஒரு நூல் விலகியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் இது. போகப் போக அவள் தலையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். வேகமும் கூடியது.

மெஹ்ஜபினுக்கு விஷயம் தெரிந்து எனக்குப் போன் செய்தாள். "அக்கா, கார நம்பி அவ தலைய கவுத்திக்கக் கூடாதுங்க. அது பழக்கமாயிருச்சுன்னா ஆபத்துங்க."

"நான் என்ன தூங்கிட்டா வண்டி ஓட்டறேன்?" என்றேன். பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் என் மனதில் எதுவும் இல்லை. இருந்ததா என்று நீங்கள் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

அன்றைக்குக் கிளம்பும்போது சுதா ஒரு விஷயம் சொன்னாள். ரேஸ் நெருங்கிவிட்டதால் இனி ரோட் பைக்கில் வர முடியாதாம். "உங்க சைக்கிளு ஹாஸ்டல்ல சும்மா கெடக்குதுங்க்கா. தொடச்சு வெச்சிருக்கறேன், எடுத்துட்டுப் போயிருங்க. வேற யாராச்சும் பழகறவங்களுக்கு ஆகும். கோவிச்சுக்காதீங்க."

"இதுல கோவிச்சுக்க என்ன இருக்குது கண்ணு" என்றேன். டயரில் காற்றை அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை அதன் இடத்தில் செருகிக் கொடுத்தேன்.

குண்டடம் தாண்டியதும் ரோடு நேராகப் போகும். நன்றாக விடிந்திருந்தது. தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று பழுதாகி, பாதி தார் மேலேயே நின்றிருந்தது. பின்னால் ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டிருந்தார்கள். சுதா கிளை மேலேயே ஏறிப் போய் லாரியில் மோதினாள்.

ஹாரன் அடித்தேன், எதிர்க்காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அவர்கள் ஹாரனை அழுத்திப் பார்த்தார்கள், நன்றாக வேலை செய்தது. வயலில் நின்றவர்களும் ஹாரன் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும் சுதாவே எல்லாரிடமும் சொன்னாள்: "அக்கா அடிச்சிருப்பாங்க. எனக்குத்தான் காத்துல கேக்கல." இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் படுத்துக்கொண்டு என்னைத் தேற்றினாள். மெஹ்ஜபின் சைக்கிளைக் கொடுத்ததே தான்தான் என்று அழுதாள். நான் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீ தெரிஞ்சா குடுத்த, உடு" என்றேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

உங்களுக்கு என் மேல் சந்தேகமே இல்லை, எனக்குத் தெரியும். பிறகு ஏன் நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் அவள் என்னிடம் மட்டும்தான் இருந்தாள். அவளுக்குத் தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன். அவள் அம்மா வெள்ளகோவிலிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். அந்த நாட்கள் நன்றாக இருந்தன, மேடம். நேற்று நான் போனபோது மெஹ்ஜபின் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கையால் சுற்றி ஓட்டுகிற சைக்கிள் ஒன்று இருக்கிறதாம். காலே வேண்டாமாம். அதற்கும் பந்தயம் இருக்கிறதாம்.

"மெஹ்ஜபின் கூடவே ஓட்டறேன்னு சொல்லீட்டாங்க்கா" என்றாள் சுதா.

"நான் கார்ல பின்னால வர்றேன்" என்றேன்.

"வேண்டாமுங்க்கா. உங்களுக்கு எதுக்கு மறுபடியும் அந்த வேதன. நீங்க அத மறந்துருங்க. நானே மறந்துட்டன்."

அன்பாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் போனைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் வாழ்க்கையில் நடந்ததிலேயே பெரிய விஷயம் அது. அதை ஒரு லாரியும் கொஞ்சம் காற்றும் செய்ததாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது நியாயமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அந்த லாரியை நான் வெகு தூரத்திலேயே பார்த்தேன். வேப்பங்கிளையையும் பார்த்தேன். இரண்டு தடவை அடிக்க வேண்டும் என்று தெரியும். யோசிக்கவும் நேரம் இருந்தது, யோசித்தேன். கை ஹாரன் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. அவள் மோதி முடித்த பிறகுதான் அழுத்தினேன், வயலில் நின்றவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். இதை அவளிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், மெஹ்ஜபின் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து. கேட்டதும் என்னைப் பற்றி அவள் முதலில் என்ன விசாரித்தாள் என்பதை மட்டும் வந்து எனக்குச் சொல்லுங்கள்.